பூட்டியவனே சொல்கிறான், கதவு திறக்காதாம்!

“லினக்ஸா? அதில் ஒரு விளையாட்டும் ஓடாது. விண்டோஸ் 10-க்கும் காலம் முடிந்து போயிற்று. இந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்!”

சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் இந்த உபதேசம் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. உபதேசத்துக்குக் காசு இல்லை. கேட்டு நடந்தால்தான் காசு. 35,000 ரூபாய், 40,000 ரூபாய்!

யாரிடம் இதைச் சொல்கிறார்கள்? பட்டாசு ஆலையில் உயிரைப் பணயம் வைத்துச் சனிக்கிழமைக் கூலி வாங்கும் தாயின் மகனிடம் சொல்கிறார்கள். ராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் தகப்பனின் மகளிடம் சொல்கிறார்கள். வத்திராயிருப்பில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கும் குடும்பத்திடம் சொல்கிறார்கள். இந்த வீடுகளில் ரொக்கமாக 40,000 ஏது? ஆலையில் அட்வான்ஸ் கேட்க வேண்டும்; இல்லையேல் வாரக் கடன்காரனிடம் கை நீட்ட வேண்டும். அட்வான்ஸ் வாங்கியவன் அது கழியும்வரை அந்த ஆலை வாசலை விட்டு நகர முடியாது என்பதை நாம் சொல்லித்தான் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆகவே இது பையன்களின் விளையாட்டுச் சங்கதி என்று ஒதுக்கத்தக்கதல்ல. உபதேசத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதில் பெரும் பகுதி புளுகு. மிச்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைக்குப் பொறுப்பாளி லினக்ஸ் இல்லை, வாசலில் பூட்டுப் போட்டவன்.

கடைக்காரர்கள் மேல் நமக்குக் கோபம் கிடையாது. அவர்களும் அன்றாடம் காய்ச்சிகள்தான். மேலே இருந்து வருவதை அப்படியே கீழே சொல்கிறார்கள். நமது கேள்வி மேலே இருப்பவனிடம்.

பெட்டி சாகவில்லை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக சர்க்கார் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொடுக்கப்பட்டன. இலவசம் என்று பெயர். நம்முடைய வரிப்பணம் என்பது உண்மை. பல பெட்டிகளில் ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் பாஸ் லினக்ஸ். மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கியது இந்த பாஸ். தமிழிலும் வேலை செய்யும். ஆனால் அதைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுக்க ஆள் போட்டார்களா? நாம் கண்டவரை இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததெல்லாம் விண்டோஸ்தான்.

அண்ணன் படித்து முடித்த பெட்டி தம்பிக்கு வந்தது, தம்பியிடமிருந்து தங்கைக்கு வந்தது. இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மைக்ரோசாப்ட் கம்பெனி ஒரு தேதி குறித்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. இன்னும் ஓராண்டு வேண்டுமானால் 30 டாலர் கட்டு, அல்லது உன் பெட்டியின் அமைப்புகளை எங்கள் கிடங்கோடு இணைத்து வை என்று நிபந்தனையும் போட்டது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாமா என்றால், டி.பி.எம். 2.0 என்ற சில்லு வேண்டுமாம். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதியே இல்லையாம்.

மில் தொழிலாளிக்கு இது நன்றாக விளங்கும். ஸ்பிண்டில் தேயவில்லை, பேரிங் உடையவில்லை, மோட்டார் எரியவில்லை. யந்திரம் விற்றவன் கடிதம் போட்டுவிட்டான், யந்திரம் செத்துவிட்டது என்று!

அந்தப் பெட்டியில் லினக்ஸைப் போட்டால் இன்றைக்கும் பாதுகாப்பாக ஓடும். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ இயக்கமும், 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய நிரலும் சேர்ந்து வளர்ந்தது அது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் அதுதான். 2001-இல் மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று ஏசினார். இன்று அதே கம்பெனி வாடகைக்கு விடும் அஷூர் கணினிக் கிடங்குகளில் பாதிக்கு மேல் ஓடுவது அந்தப் “புற்றுநோய்”தான்! முதலாளிக்கு லாபம் வந்தால் நோயும் மருந்தாகிவிடும் போலும்.

“தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு ஒரு கேடா?”

இப்படிக் கேட்கும் கனவான்கள் உண்டு. நம்மவர்களிலும் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1886-இல் சிக்காகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டது மிச்ச நேரத்தில் தூங்குவதற்கு மட்டும் அல்ல. தனக்கென்று சில மணி நேரம் வேண்டும் என்பதற்காகவும்தான். 1923-இல் சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியதும் அதே கோரிக்கைக்குத்தான். முதலாளி வீட்டுப் பிள்ளை விளையாடினால் பொழுதுபோக்கு, நம் பிள்ளை விளையாடினால் கேடா?

பணம் வைத்து ஆடும் ரம்மியை நாம் இங்கே பேசவில்லை. அது சூது, குடும்பங்களைக் குடித்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நாம் பேசுவது கார் ஓட்டுவது, பந்து ஆடுவது, கோட்டை கட்டுவது போன்ற விளையாட்டுகளை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஓடாத விளையாட்டை ஓட வைக்க முயன்றுதான் பல பிள்ளைகள் கணினியின் உள்ளே எட்டிப் பார்க்கவே தொடங்குகிறார்கள். ஓடாத தறியைப் பிரித்துப் பார்த்தவன்தானே பிட்டர் ஆகிறான்?

துபாஷி வேலை

விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடும்? விளையாட்டு நிரல் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை கட்டளை போடுகிறது: படம் வரை, சப்தம் கொடு, இந்தக் கோப்பைத் திற. இக்கட்டளைகள் விண்டோஸ் பாஷையில் இருக்கும். இடையில் ஒரு துபாஷி நின்று அதை லினக்ஸ் பாஷைக்கு மாற்றிச் சொன்னால் காரியம் முடிந்தது. 1993 முதல் உலகெங்கும் பல நூறு பேர் கூடி எழுதிவரும் ‘வைன்’ என்பதே அந்தத் துபாஷி. அதன் மேல் கட்டி 2018 ஆகஸ்டில் வால்வு கம்பெனி வெளியிட்டது ‘புரோட்டான்’. ஸ்டீம் கடைக்குள்ளேயே அது இருக்கிறது. படம் வரையும் கட்டளைகளை மட்டும் மாற்றும் துபாஷிக்கு டி.எக்ஸ்.வி.கே. என்று பெயர். ‘நியர் ஆட்டோமேட்டா’ என்ற ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆடிப் பார்க்க ஒரு தனி மனிதர் ஆசைப்பட்டார். அதிலிருந்து பிறந்தது அது. இன்று ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அதனால் ஓடுகின்றன.

ஆக, “ஒன்றும் ஓடாது” என்பது புளுகு. சரி, ஓடாதபோது என்ன செய்வது?

கோளாறைத் தேடும் முறை

முதலில், கண்டதையும் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

நம் வட்டாரத்துப் பழைய பெட்டிகளில் வரும் பெரிய கோளாறு படம் வரையும் சில்லில்தான். டி.எக்ஸ்.வி.கே. துபாஷிக்கு ‘வல்கன்’ என்ற பாஷை தெரிந்த சில்லு வேண்டும். இன்டெல் 2-ஆம் தலைமுறைச் சில்லுக்கு வல்கன் அடியோடு கிடையாது. 3, 4-ஆம் தலைமுறைகளுக்கு அரைகுறை. 2011 முதல் சில ஆண்டுகள் வந்த பெட்டிகளில் இந்த வகைச் சில்லுகள்தான் மிகுதி. விளையாட்டைத் தட்டியதும் கறுப்புத் திரை வந்து மூடிக்கொள்கிறதா? காரணம் பெரும்பாலும் இதுதான். பரிகாரம் சுலபம். ‘லூட்ரிஸ்’ என்ற நிரல் வழியாக ஓட்டுங்கள், அதில் டி.எக்ஸ்.வி.கே. என்றிருக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். அப்போது வைன் தன் பழைய வழியில், ஓப்பன்-ஜி.எல். மூலம் படம் வரையும். வேகம் குறையும், ஆனால் 2000-க்களில் வந்த ‘வைஸ் சிட்டி’ போன்ற விளையாட்டுகளுக்கு அது போதும். 5, 6-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. வல்கன் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பழைய விளையாட்டுகள் 32-பிட் நிரல்கள். லினக்ஸோ 64-பிட். 32-பிட் படத் துணை நூலகங்களையும் சேர்த்து நிறுவாவிட்டால் விளையாட்டு மூச்சு விடாமல் நின்றுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இதைப் பார்த்துத்தான் பலர் லினக்ஸையே சபிக்கிறார்கள்.

அடுத்தது வட்டுப் பிரச்னை. ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், விளையாட்டை விண்டோஸ் பகுதியிலேயே வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து ஓட்டப் பார்க்கிறார்கள். விண்டோஸில் ‘பாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று உண்டு. பெட்டியை அணைத்தாலும் அது முழுதாக அணையாது. அந்த வட்டுப் பகுதியை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும். லினக்ஸ் அதைப் படிக்க முடியும், எழுத முடியாது. விளையாட்டு எழுத இடமின்றி விழுந்துவிடும். விண்டோஸில் போய் அதை அணையுங்கள். இன்னும் நல்லது, விளையாட்டை லினக்ஸின் சொந்தப் பகுதிக்கே மாற்றிவிடுவது. புரோட்டான் உண்டாக்கும் சில கோப்புப் பெயர்களும் இணைப்புகளும் விண்டோஸ் வட்டு முறையில் சரியாக நிற்பதில்லை.

விளையாட்டு ஓடுகிறது, நடுவில் கதைக் காட்சி வரும்போது மட்டும் பல நிறப் பட்டைகள் தெரிகின்றனவா? இது சுவாரசியமான கோளாறு. அந்த வீடியோவைப் பிரிக்கும் முறைக்கு யாரோ காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறான்; அதனால் வால்வு அதைப் புரோட்டானில் சேர்க்க அஞ்சுகிறது. வாலண்டியர்கள் தயாரிக்கும் ஜி.ஈ. புரோட்டானில் அது சேர்ந்தே வருகிறது. அதை இறக்கி வைத்து, ஸ்டீமில் அந்த விளையாட்டின் ‘கம்பாட்டிபிலிட்டி’ பக்கத்தில் தேர்ந்தெடுத்தால் படம் வரும். பாருங்கள், கோளாறு யந்திரத்திலா இருந்தது? காப்புரிமைக் காகிதத்தில் இருந்தது!

விஷுவல் சி++, டைரக்ட்எக்ஸ் 9 என்ற துணைச் சரக்குகள் இல்லாமல் விழும் விளையாட்டுகளுக்கு ‘வைன்டிரிக்ஸ்’ இருக்கிறது. எதுவும் பிடிபடவில்லையா? டெர்மினலைத் திறந்து அங்கிருந்து விளையாட்டை ஓட்டுங்கள். வரிவரியாகக் கொட்டும். கடைசி வரியை நம்பாதீர்கள். முதன்முதலில் பிழை என்று வந்த வரியைப் பிடியுங்கள். பிறகு ‘புரோட்டான் டி.பி.’ என்ற பட்டியலில் அந்த விளையாட்டின் பெயரைத் தேடுங்கள். உங்களுக்கு முன் முட்டி மோதியவர்கள் என்ன செய்து வென்றார்கள் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனியும் கூலி கொடுத்து எழுதச் சொன்னதில்லை.

பென் டிரைவில் கை மாறி வரும் நறுக்கிச் சுருக்கிய விளையாட்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. பாதிக் கோப்பு இருக்காது. இருப்பதில் வைரஸ் இருக்கும். அது விண்டோஸிலும் விழும், லினக்ஸிலும் விழும்.

விண்டோஸ் மட்டும் என்ன வாழ்ந்தது? பழைய சி.டி. விளையாட்டுகள் பலவற்றில் ‘சேப்டிஸ்க்’ என்ற காவல் நிரல் உண்டு. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாப்டே அதற்கான டிரைவரை எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சி.டி. ஒரே நாளில் தட்டாகிவிட்டது. அப்போது “விண்டோஸில் விளையாட்டு ஓடாது, தூக்கி எறி” என்று யாராவது உபதேசித்தார்களா?

உண்மையிலேயே திறக்காத பூட்டு

மேலே சொன்ன எதற்கும் மசியாத விளையாட்டுகள் சில உண்டு. பெயரைச் சொல்லியே விடுவோம்: வேலரன்ட், போர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ். ஆட்டத்தில் திருட்டுத்தனம் செய்பவர்களைப் பிடிக்கிறோம் என்று சொல்லி இவை ஒரு காவல் நிரலை ஏவுகின்றன.

மில் வாசலில் தொழிலாளியைத் தடவிப் பார்த்து அனுப்பும் காவலாளியை நாம் அறிவோம். அந்த அவமானத்தை எதிர்த்துப் போராடியும் இருக்கிறோம். வேலரன்டின் ‘வான்கார்டு’ வாசலோடு நிற்பதில்லை. வீட்டுக்குள் நுழைந்து அடுப்படியில் உட்கார்ந்துகொள்கிறது. கணினியின் கருவுக்குள்ளேயே குடியேறி, பெட்டி விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்கிறது. ஒரு பந்தயம் ஆடுவதற்கு வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுக்க வேண்டுமாம்! கருவுக்குள் குடியேறும் நிரலில் ஒரு பிழை வந்தால் என்ன ஆகும் என்று 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் ஒரே ஒரு பிழையான திருத்தம் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

“லினக்ஸில் காவல் வைக்க முடியாது, அதனால்தான் தடுக்கிறோம்” என்கிறார்கள். அப்படியா சேதி? போர்ட்நைட்டின் சொந்தக்காரன் எபிக் கம்பெனி. ‘ஈஸி ஆன்டி-சீட்’ என்ற காவல் நிரலின் சொந்தக்காரனும் அதே எபிக் கம்பெனிதான். அந்தக் காவல் நிரல் லினக்ஸிலும் புரோட்டானிலும் ஓட 2021 செப்டம்பரில் அதே கம்பெனி வசதி செய்தது. ஊரில் உள்ள மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் அந்தச் சாவியைக் கொடுத்தது. தன் விளையாட்டை மட்டும் திறந்துவிடவில்லை. இதற்கு லினக்ஸ் என்ன செய்யும்?

ஏபெக்ஸ் கதை இன்னும் அப்பட்டம். அது லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், காசும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 அக்டோபர் 31 அன்று ஈ.ஏ. கம்பெனி கதவை அடைத்தது. முந்தின நாள் ஓடிய அதே பெட்டி, அதே விளையாட்டு. லினக்ஸில் வருவோரில் ஏமாற்றுக்காரர்கள் அதிகம் என்று காரணம் சொன்னது. விண்டோஸில் ஏமாற்றுக்காரர் ஒழிந்துவிட்டார்களா? ஒரு ஷிப்டில் ஒருவன் திருடினான் என்று அந்த ஷிப்டு முழுவதையும் லாக்-அவுட் செய்யும் மானேஜரின் நியாயம்தான் இது. ஜி.டி.ஏ. ஆன்லைனும் 2024 செப்டம்பரில் இதே வேலையைச் செய்தது. அதன் கதைப் பகுதி மட்டும் லினக்ஸில் ஓடுகிறது, ஆடலாம்.

இந்தக் கம்பெனிகளின் பூட்டை உடைக்க இரவெல்லாம் கண் விழிக்காதீர்கள் என்று நம் வாலிபர்களுக்குச் சொல்கிறோம். அது கோளாறு இல்லை, உத்தரவு. காசு கொடுக்குமுன் புரோட்டான் டி.பி. பட்டியலைப் பார்த்துவிடுங்கள், தடை என்றிருந்தால் கொடுக்காதீர்கள். ‘கவுண்டர்-ஸ்டிரைக் 2’ லினக்ஸுக்கென்றே வருகிறது; அதற்குக் கொஞ்சம் புதிய பெட்டி வேண்டும். பழைய பெட்டிக்கு ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ இருக்கிறது, காசும் இல்லை.

தீப்பெட்டி ராஜாவின் வாரிசுகள்

சிவகாசிக்காரர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. 1920-களில் சுவீடன் தீப்பெட்டி டிரஸ்டின் தலைவன் இவார் க்ரூகர் உலகத்துத் தீக்குச்சியையெல்லாம் தன் கையில் அடக்கப் பார்த்தான். மற்றவர்களைவிட நல்ல குச்சி செய்தா அடக்கினான்? கஜானா காலியான சர்க்கார்களுக்குக் கடன் கொடுத்து, அந்நாட்டுத் தீப்பெட்டி வியாபாரத்தின் ஏகபோகத்தை எழுதி வாங்கினான். நெருப்பில் ரகசியம் எதுவும் இல்லை; அவன் வாங்கியது சந்தையின் வாசலை. 1932-இல் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டான். கணக்கெல்லாம் புரட்டு என்று பிறகு தெரிந்தது. அந்த டிரஸ்டின் கிளையான விம்கோ இந்தியச் சந்தையில் கொடி கட்டிப் பறந்த காலத்தில்தான் சிவகாசியின் கைத்தொழில் தீப்பெட்டி எழுந்தது. (எழுப்பிய உள்ளூர் முதலாளிகள் நம் பெண்களையும் குழந்தைகளையும் என்ன பாடு படுத்தினார்கள் என்பது வேறு வழக்கு, அதை நாம் மறக்கவில்லை.)

மைக்ரோசாப்டும் வாசலை வாங்கிய கம்பெனிதான். 2000-இல் அமெரிக்க நீதிபதி அதை இரண்டாகப் பிளக்க உத்தரவிட்டார். 2001-இல் மேல்கோர்ட்டு பிளவை ரத்து செய்தது. ஆனால் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றியது என்ற தீர்ப்பு நின்றது. 2023 அக்டோபரில் அது ஆக்டிவிஷன் என்ற விளையாட்டுக் கம்பெனியை சுமார் 6,900 கோடி டாலருக்கு விழுங்கியது.

“வால்வு மட்டும் ஏன் லினக்ஸுக்கு உதவுகிறது? அதுவும் முதலாளிதானே?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2012-இல் விண்டோஸ் 8-க்குள் மைக்ரோசாப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்தது. விளையாட்டு விற்றுக் கமிஷன் வாங்கும் வால்வுக்குக் குலை நடுங்கியது. வாசல் எதிரியின் கையில் இருந்தால் நம் கடை என்னாகும் என்ற பயம். அதனால் லினக்ஸ் பக்கம் ஒரு வாசல் வெட்டியது. 2022-இல் லினக்ஸிலேயே ஓடும் ஸ்டீம் டெக்கை விற்கத் தொடங்கியது. இரண்டு முதலாளிகள் அடித்துக்கொண்டதில் நமக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் நடப்போம். வால்வைத் தோழன் என்று நினைக்க மாட்டோம். புரோட்டானின் நிரல் பொதுச் சொத்தாகத் திறந்து கிடக்கிறது, நாளைக்கு வால்வு மனம் மாறினாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சர்க்காரிடம் கேட்கிறோம்

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதும் விண்டோஸ் 11-ஐயும் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே வைத்தார்கள். வைத்தால் போதுமா? பக்கத்துக் கேரளத்தில் ‘கைட்’ ஸ்தாபனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தயாரித்து, வாத்தியார்களுக்குப் பயிற்சியும் கொடுத்து நடத்திக் காட்டியிருக்கிறதே! இங்கே எல்காட் அதைச் செய்ய என்ன தடை? உமாசங்கர் எல்காட்டில் நிர்வாகியாக இருந்த 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிகளுக்கு லினக்ஸ் கொண்டுபோகும் முயற்சி இங்கேயே நடந்தது. அதைத் தொடராமல் விட்டது யார் லாபத்துக்காக?

பழைய பெட்டிகளில் லினக்ஸ் ஏற்றித் தர மாவட்டத்துக்குப் பத்து இடங்களிலாவது சர்க்கார் ஆள் போட வேண்டும். பாஸ் லினக்ஸில் வைனும், 32-பிட் நூலகங்களும் முதலிலேயே ஏறியிருக்க வேண்டும். விளையாட்டு விற்பவன் எந்தெந்த முறையில் அதை வேண்டுமென்றே தடுத்திருக்கிறான் என்பதை விலைக்குப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். ஐரோப்பாவில் 2024 மார்ச்சில் ‘தி க்ரூ’ என்ற விளையாட்டை விற்றவனே அணைத்துப்போட்டபோது 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேள்வி கேட்டார்கள். நாமும் கேட்போம்.

சர்க்கார் வரும்வரை நம் வாலிபர் சங்கக் கிளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வை-பை, சப்தம், விசைப்பலகை எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால், பிள்ளைகளின் பாடக் கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்த பிறகு நிறுவுங்கள். பெட்டி திணறினால் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று போடுங்கள், நான்கு திருகாணி வேலை. திருத்தங்கல்லில் ஒரு பையன் கற்றுக்கொண்டால் வெம்பக்கோட்டையில் பத்துப் பேருக்குக் காட்டலாம். பழைய இரும்புக் கடைக்கு ஏற்கெனவே எடைக்குப் போட்டவர்கள் போய்க் கேட்டுப் பாருங்கள், பெட்டி இன்னும் அங்கேயே கிடக்கலாம்.